கூடார வாசலில் நின்றவர்கள்: வனாந்தரப் பயணத்தில் தனி மனிதனின் பொறுப்பு

கானான் தேசத்தின் எல்லையிலிருந்த காதேஸ் பர்னேயாவில் இஸ்ரவேல் ஜனங்கள் செய்த கலகத்துக்காக ஒரு தலைமுறையே வனாந்தரத்தில் மடிந்தது என்றால், ஒருவன் தனியாகக் கர்த்தருக்குக் கீழ்ப்படிந்தான் என்பதற்கு அங்கே என்ன மதிப்பு இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு, குற்றம் செய்யாத பிள்ளைகளும், எதிர்த்துப் பேசிய காலேபும் யோசுவாவும் ஏன் அந்த 40 ஆண்டுகளையும் மற்றவர்களோடு சேர்ந்தே நடக்க வேண்டியிருந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக எண்ணாகமத்தை வாசித்தும் போதித்தும் வருகிற எனக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அது என்னை மூல வாக்கியங்களுக்கே திருப்பி அனுப்புகிறது. கூட்டமாகத் தண்டிக்கப்பட்ட கதை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற அந்த அதிகாரங்கள், கூர்ந்து பார்த்தால், ஆட்களை ஒவ்வொருவராகப் பிரித்து நிறுத்துகின்றன. பின்விளைவு எல்லார்மேலும் விழுகிறது. குற்றமோ யாருடையதோ அவனுடைய பெயரிலேயே நிற்கிறது. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் சிக்கலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். ஓரேப் மலையிலிருந்து சேயீர் மலை வழியாகக் காதேஸ் பர்னேயாவுக்குப் 11 நாள் பயணம் என்று உபாகமத்தின் தொடக்கமே சொல்லுகிறது. அங்கிருந்து கோத்திரத்துக்கு ஒருவராகப் 12 பேர் கானானைச் சுற்றிப்பார்க்க அனுப்பப்பட்டார்கள். 40 நாள் கழித்து, எஸ்கோல் பள்ளத்தாக்கில் அறுத்த ஒரே திராட்சக்குலையை இரண்டு பேர் ஒரு தடியில் கட்டித் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். தேசம் நல்லது என்பதில் 12 பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதில் நுழைய முடியுமா என்பதில்தான் 10 பேர் ஒரு பக்கமும் காலேபும் யோசுவாவும் மறுபக்கமும் நின்றார்கள். அன்று இரவெல்லாம் ஜனங்கள் அழுதார்கள். வேறொரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்குத் திரும்பிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

அதன்பின் வந்த தீர்ப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த வனாந்தரத்திலே செத்தோமானால் நலம் என்று அவர்கள் சொன்னார்கள். என் செவிகேட்க நீங்கள் சொன்னபடியே செய்வேன் என்று கர்த்தர் பதில் சொன்னார். வெளியிலிருந்து கொண்டுவந்து சுமத்திய தண்டனையாக அது வரவில்லை. அவர்களுடைய வாயிலிருந்து புறப்பட்ட வார்த்தையே அவர்களிடம் திரும்பி வந்தது. எங்கள் பெண்சாதிகளும் பிள்ளைகளும் கொள்ளையாவார்கள் என்று பிள்ளைகளை முன்னிறுத்தி அவர்கள் மறுத்தார்கள் அல்லவா, அந்தப் பிள்ளைகளே தேசத்துக்குள் போவார்கள் என்றும் அதே தீர்ப்பு சொல்லுகிறது. தங்கள் பயத்துக்குப் பிள்ளைகளைக் கேடயமாகப் பிடித்தவர்களின் கையிலிருந்து அந்தக் கேடயம் அமைதியாக எடுக்கப்பட்டுவிட்டது.

இன்னும் நுட்பமான ஒன்றும் உண்டு. யார்மேல் தீர்ப்பு? எண்ணப்பட்டவர்களில் 20 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் என்று வசனம் வரையறுக்கிறது. எண்ணாகமம் முதல் அதிகாரத்துக்குத் திரும்பிப் போனால் அந்த எண்ணிக்கை எதற்காக எடுக்கப்பட்டது என்பது தெரியும்: யுத்தத்துக்குப் புறப்படத்தக்க ஆண்களின் பட்டியல் அது, மொத்தம் 6,03,550 பேர். அத்தனை பெரிய தொகையை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். நம் கேள்விக்கு அந்த விவாதம் தேவையில்லை. எந்தப் பட்டியலில் பெயர் கொடுத்தார்களோ அந்தப் பட்டியலே தீர்ப்பின் எல்லையாகிறது என்பதே இங்கே முக்கியம். போகிறேன் என்று பெயர் கொடுத்தவன் போகமாட்டேன் என்றான். அவனிடம் கணக்குக் கேட்கப்பட்டது. உபாகமம் 2:14 இதே நிகழ்ச்சியை நினைவுகூரும்போது, காதேஸ் பர்னேயாவிலிருந்து சேரேத் ஆற்றைக் கடக்கும்வரை சென்ற 38 ஆண்டுகளில் மாண்டுபோனவர்களை யுத்தமனிதர் என்றே குறிப்பிடுகிறது. அப்படியானால் ஒரு தலைமுறை முழுவதும் என்று நாம் பொதுவாகச் சொல்வதைவிட வசனத்தின் கோடு குறுகலானது. ஒருவன் ஏற்றுக்கொண்ட பொறுப்பின் அளவுக்கே அவனிடம் கேள்வி கேட்கப்படுகிறது. கெட்ட செய்தியைப் பரப்பிய 10 பேரோ மற்றவர்களைப்போல 38 ஆண்டு காத்திருக்கவில்லை; அவர்கள் அங்கேயே வாதையினால் செத்தார்கள். ஜனங்களுடைய மனத்தைக் கலங்கடித்தவனுக்கும் கலங்கியவனுக்கும் ஒரே தீர்ப்பு இல்லை.

பிள்ளைகளின் நிலையைச் சொல்லுகிற வசனத்தில் எபிரெய மொழியின் ஒரு வினைச்சொல் நம் உதவிக்கு வருகிறது. மோசே ஜனங்களுக்காக மன்றாடும்போது, அக்கிரமத்தை மன்னிக்கிறவர் என்று கர்த்தரை அழைக்கிறார் (எண்ணாகமம் 14:18). அங்கே உள்ள சொல் ‘நாசா’. தூக்குதல், சுமத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். அக்கிரமத்தைத் தூக்கிச் சுமப்பவர் என்பதால்தான் மன்னிக்கிறவர் என்ற பொருள் வருகிறது. பதினைந்து வசனங்கள் கழித்து, உங்கள் பிள்ளைகள் உங்கள் துரோகத்தைச் சுமப்பார்கள் என்னும் இடத்திலும் அதே ‘நாசா’ நிற்கிறது. ஒரே அதிகாரத்தில் கர்த்தரும் சுமக்கிறார், பிள்ளைகளும் சுமக்கிறார்கள். பிள்ளைகள் குற்றவாளிகள் என்று அந்த வசனம் எங்கும் சொல்லவில்லை. தகப்பன் இறக்கி வைக்க மறுத்த மூட்டை பிள்ளையின் தோளில் ஏறுகிறது என்றுதான் சொல்லுகிறது. குடிப்பழக்கத்தால் ஒருவர் வீட்டைக் கடனில் ஆழ்த்திவிட்டுப் போனால், மகன் அந்தக் கடனை அடைக்கிறான். அதனால் மகன் குடிகாரன் ஆகிவிடுவதில்லை. உபாகமம் 1:39 அந்தப் பிள்ளைகளை, அந்நாளில் நன்மை தீமை அறியாதவர்கள் என்று வெளிப்படையாகவே விடுவிக்கிறது. பிள்ளைகளுக்காகப் பிதாக்களும் பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொலைசெய்யப்படக் கூடாது என்று அதே உபாகமத்தின் 24-ஆம் அதிகாரம் நீதிமன்றத்துக்குச் சட்டமாகவும் விதிக்கிறது.

இனிக் கீழ்ப்படிதல் என்ற சொல்லுக்கு வருவோம். என் சத்தத்துக்குச் செவிகொடுக்கவில்லை என்பதே காதேசில் கர்த்தருடைய குற்றச்சாட்டு. எபிரெயத்தில் கீழ்ப்படிதலுக்கென்று தனிச் சொல் அங்கே இல்லை. கேட்டல் என்னும் சொல்தான் உள்ளது. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை என்றால் காது நன்றாகக் கேட்கிற பிள்ளை என்று நாம் பொருள்கொள்வதில்லை. கேட்பதிலேயே செய்வதும் அடங்கியிருக்கிறது என்பதை நம் அன்றாடப் பேச்சே அறிந்திருக்கிறது.

இந்தக் கேட்டல் வனாந்தரத்தில் எங்கே சோதிக்கப்பட்டது? பெரும்பாலும் கூடாரத்துக்குள்ளேயும் கூடார வாசலிலும்தான். வானத்திலிருந்து விழுந்த உணவாகிய மன்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு ஓமர், அதாவது ஏறக்குறைய 2 லிட்டர் அளவு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை ஓமர். கொத்தமல்லி விதையைப் போன்ற அதைப் பொறுக்கி, திரிகையில் அரைத்து அல்லது உரலில் இடித்துச் சமைத்தார்கள். விடியும்வரை ஒன்றும் மீதி வைக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர். ஏழாம் நாளில் ஒன்றும் விழாது. சிலர் மீதி வைத்தார்கள். காலையில் அது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. சிலர் ஏழாம் நாளிலும் வெளியே போய்த் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. இந்தச் சிலர் யார் என்று பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் இரவில் பாத்திரத்தை மூடி மூலையில் ஒதுக்கி வைத்த அந்தக் கைக்கு எந்தக் கூட்டமும் பொறுப்பேற்க முடியாது. பக்கத்துக் கூடாரத்தான் மீதி வைத்தால் என் கூடாரத்து மன்னா நாறவில்லை. நாளைக்கும் கிடைக்குமா என்ற பயத்தை ஒவ்வொரு குடும்பமும் தன் அடுப்பங்கரையில் தானே எதிர்கொண்டது. கீழ்ப்படிதலைப் பற்றி வனாந்தரக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். செங்கடலைக் கடக்கும்போது முன்னால் போகிறவனைப் பார்த்துக்கொண்டு நடந்துவிடலாம். இரவில் மூடி வைக்காமல் படுத்து உறங்குவதற்கு ஒருவன் தானே நம்ப வேண்டும்.

முறுமுறுப்பும் அப்படித்தான். தமிழ் வேதாகமத்தில் நிலைத்துவிட்ட இந்தச் சொல், உதடு பிரியாமல் எழுகிற அந்த ஒலியையே நம் காதில் கேட்கச் செய்கிறது. காதேசைப் பற்றிப் பேசும்போது, உங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தீர்கள் என்று மோசே சொல்லுகிறார். இறைச்சிக்காக அழுத சம்பவத்தில், குடும்பம் குடும்பமாக அவரவர் தங்கள் கூடார வாசலில் நின்று அழுவதை மோசே கேட்டதாக வாசிக்கிறோம். யாத்திராகமம் 33-இல் மேகஸ்தம்பம் இறங்கி வந்தபோது, அவரவர் தங்கள் கூடார வாசலில் எழுந்து நின்று பணிந்துகொண்டதாகவும் வாசிக்கிறோம். பணிந்துகொண்டதும் அழுததும் ஒரே வாசலில்தான். ஜனங்கள் என்ற பெரிய சொல்லை எழுதுகிறவர், அதை இப்படி வாசல் வாசலாகப் பிரித்துக் காட்டுவது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராகக் கோராகு என்பவன் கூட்டம் சேர்த்து எழுப்பிய கலகத்தில் இது உச்சத்துக்கு வருகிறது. சபையார் எல்லாரையும் ஒரு நிமிஷத்தில் அழிப்பேன் என்ற வார்த்தை எழும்பியபோது, மோசேயும் ஆரோனும் முகங்குப்புற விழுந்து, ஒரு மனிதன் பாவஞ்செய்திருக்கச் சபையார் எல்லார்மேலும் கோபங்கொள்வீரோ என்று கேட்டார்கள். நீங்கள் இன்று கேட்கிற கேள்வியே அது. வேதத்துக்குள்ளேயே, கர்த்தருக்கு முன்பாகவே அது கேட்கப்பட்டிருக்கிறது. பதிலாக வந்தது ஒரு விளக்கமாக இருக்கவில்லை. கோராகு, தாத்தான், அபிராம் என்பவர்களுடைய வாசஸ்தலத்தை விட்டு விலகிப்போங்கள் என்று சபையாருக்குச் சொல் என்பதே பதில். ஒருவனுக்காக எல்லாரையுமா என்ற கேள்விக்கு, ஒவ்வொருவனும் எடுத்து வைக்க வேண்டிய சில அடிகள் பதிலாகக் கொடுக்கப்பட்டன. நின்ற இடத்திலேயே நிற்பதா, விலகி நடப்பதா என்பதை அங்கே ஒவ்வொருவனும் தன் காலால் முடிவு செய்தான்.

அந்தக் காட்சியின் கடினமான பகுதியை மழுப்பிவிட எனக்கு விருப்பமில்லை. தாத்தானும் அபிராமும் தங்கள் பெண்சாதிகளோடும் குமாரரோடும் குழந்தைகளோடும் கூடார வாசலில் வந்து நின்றார்கள். பூமி பிளந்தபோது அந்த வீட்டார் எல்லாரும் போனார்கள். பிள்ளைகள் சுமக்கிறார்கள் என்பது மட்டுமல்லாமல், பிள்ளைகள் மடிகிறார்கள் என்பதும் இங்கே எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு எளிதான சமாதானம் சொல்லுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். எதுவும் எனக்கு நிறைவு தரவில்லை. என்றாலும் பத்து அதிகாரங்கள் கழித்து, இரண்டாவது எண்ணிக்கையின் நடுவில், சம்பந்தமே இல்லாதது போல ஒரு சிறிய வாக்கியம் வருகிறது: கோராகின் குமாரரோ சாகவில்லை. எப்படித் தப்பினார்கள் என்று சொல்லப்படவில்லை. தகப்பனுடைய கூடாரத்தை விட்டு விலகினார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன். அவர்களுடைய வழிவந்தவர்களின் பெயரில் பல சங்கீதங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றான 84-ஆம் சங்கீதம், ஆகாமியக் கூடாரங்களில் வாழ்வதைவிட என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதையே தெரிந்துகொள்வேன் என்று பாடுகிறது. கோராகின் புத்திரர் என்ற தலைப்போடு அந்த வரியை வாசிக்கும்போது, துன்மார்க்கரின் கூடாரங்களை விட்டு விலகுங்கள் என்று மோசே கூவிய குரல் பின்னணியில் கேட்காமல் இருப்பதில்லை.

தலைவர்களுக்கும் விலக்கு இல்லை என்பதை, தண்ணீர் இல்லை என்று ஜனங்கள் வாக்குவாதம் செய்த மெரிபாவில் காண்கிறோம். கன்மலையைப் பார்த்துப் பேசுங்கள் என்பது கட்டளை. மோசே கோலினால் அதை இரண்டுதரம் அடித்தார். தண்ணீர் ஏராளமாக வந்தது, ஜனங்களும் மிருகங்களும் குடித்தன. ஆனாலும் மோசேயும் ஆரோனும் தேசத்துக்குள் போக முடியவில்லை. பலன் கிடைத்துவிட்டது என்பதால் கேளாமை சரியாகிவிடவில்லை. ஆரோன் 123 வயதில் ஓர் என்னும் மலையில் மரித்தார். மோசே 120 வயதில் நேபோ மலையிலிருந்து தேசத்தைப் பார்த்துவிட்டு மரித்தார். இதில் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்கவைப்பது ஒன்று உண்டு. உபாகமத்தில் மோசே பேசும்போது, உங்கள் நிமித்தம் கர்த்தர் என்மேல் கோபங்கொண்டார் என்று ஜனங்களைக் காரணமாகக் காட்டுகிறார். எண்ணாகமமோ, நீங்கள் என்னை விசுவாசியாமற்போனீர்கள் என்று மோசேயையும் ஆரோனையும் நேராக நோக்கிச் சொல்லுகிறது. உபாகமத்தின் 32-ஆம் அதிகாரமும் அதையே உறுதி செய்கிறது. ஜனங்கள் தூண்டினார்கள் என்பதும் உண்மை, கோலைப் பிடித்திருந்த கை மோசேயுடையது என்பதும் உண்மை. வேதம் இரண்டையும் எழுதி வைத்து, இரண்டாவதன்மேல் தீர்ப்பை வைக்கிறது.

கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசும்போது பலர் தாண்டிப் போகிற ஒரு சம்பவமும் இருக்கிறது. தீர்ப்பைக் கேட்டு மிகவும் துக்கித்த ஜனங்கள், மறுநாள் அதிகாலையில் எழுந்து, பாவஞ்செய்தோம், கர்த்தர் சொன்ன இடத்துக்குப் போவோம் என்று மலையேறத் துணிந்தார்கள். முந்தின நாள் செய்திருந்தால் அதுதான் கீழ்ப்படிதல். இப்போதோ, போகாதிருங்கள் என்று மோசே தடுக்கிறார்; உடன்படிக்கைப் பெட்டியும் மோசேயும் பாளயத்தை விட்டு அசையவில்லை. அமலேக்கியரும் கானானியரும் இறங்கி வந்து அவர்களை ஓர்மாவரை முறிய அடித்தார்கள். அதே மலை, அதே கால்கள், அதே திசை. நேற்று போகச் சொன்னபோது பயத்தைக் கேட்டார்கள், இன்று நில்லுங்கள் என்றபோது துக்கத்தைக் கேட்டார்கள். இரண்டு நாளும் சொன்னவரைக் கேட்கவில்லை. அடுத்த அதிகாரத்தின் முடிவில், வஸ்திரங்களின் ஓரங்களில் இளநீல நாடாவோடு தொங்கல்கள் வைத்துக்கொள்ளும்படி கட்டளை வருவதும், அவர்களுடைய இருதயத்துக்கும் கண்களுக்கும் பின்னால் போகாதிருக்க அது ஞாபகக்குறியாயிருக்கும் என்று சொல்லப்படுவதும் இதனோடு சேர்ந்தவை. அங்கே ‘பின்னால் போதல்’ என்பதற்கு நிற்கிற எபிரெய வினைச்சொல்லும், வேவுகாரர் தேசத்தைச் ‘சுற்றிப்பார்த்தார்கள்’ என்பதற்கு நிற்கிற வினைச்சொல்லும் ஒன்றே. 12 பேர் செய்ததை ஒவ்வொருவனும் தன் மனத்துக்குள் நாள்தோறும் செய்யக்கூடும் என்பதால், ஒவ்வொருவனுடைய ஆடையின் ஓரத்திலும் அந்த நீல நூல் கட்டப்பட்டது.

காலேபைப் பற்றிய கேள்விக்கு இப்போது வரலாம். குற்றமில்லாதவன் ஏன் அலைய வேண்டும்? அவன் பாளயத்தை விட்டுப் பிரிந்து தனியாகக் கானானுக்குப் போகவில்லை என்பதே நேரான பதில். கல்லெறிய வேண்டும் என்று சொன்ன ஜனங்களோடேயே அவன் தங்கினான். எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்டது ஒரு ஜனம், வாக்குத்தத்தமும் ஜனத்துக்கே. தனி மனிதனுடைய கீழ்ப்படிதல் அவனை ஜனத்திலிருந்து வெட்டி எடுத்துவிடவில்லை. அவனுடைய கணக்கு அழியாமலும் இருந்தது. சுற்றிப்பார்க்கப் போனபோது அவனுக்கு வயது 40. யோசுவாவின் முன் நின்று பங்கைக் கேட்டபோது 85. அந்த வயதில் அவன் கேட்டது சமவெளியில் ஒரு தோட்டத்தை அல்ல. ஏனாக்கியர் என்னும் இராட்சதர் இன்னும் குடியிருந்த, அரணான பட்டணங்கள் உள்ள எபிரோன் மலைநாட்டைக் கேட்டான். எந்த இராட்சதரைக் காட்டி 10 பேர் ஜனங்களின் இருதயத்தைக் கரையப்பண்ணினார்களோ, அந்த இராட்சதரே இருந்த மலை. 45 ஆண்டுகளுக்குமுன் முடியும் என்று சொன்னவன், அதைச் செய்து காட்டும் பொறுப்பையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டான்.

முதல் தலைமுறை கெட்டது, இரண்டாவது தலைமுறை நல்லது என்று முடித்துவிடவும் வேதம் இடம் கொடுப்பதில்லை. யோர்தானின் ஓரத்திலேயே, பாகால்பேயோர் என்னும் அந்நிய தேவனை ஜனங்கள் பின்பற்றிய விஷயத்தில் 24,000 பேர் வாதையினால் செத்தார்கள். அதைச் சுட்டிக்காட்டி மோசே, பாகால்பேயோரைப் பின்பற்றின மனிதரைக் கர்த்தர் உங்கள் நடுவில் இராதபடி அழித்தார், அவரைப் பற்றிக்கொண்ட நீங்களோ எல்லாரும் இந்நாள்வரைக்கும் உயிரோடிருக்கிறீர்கள் என்றார். தலைமுறை என்ற கணக்கு அங்கே முற்றிலும் கைவிடப்பட்டு, பின்பற்றினவன், பற்றிக்கொண்டவன் என்ற கணக்கு வருகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்ற பழமொழியைப் பாபிலோனில் சிறையிருந்தவர்கள் சொன்னபோது, தீர்க்கதரிசியாகிய எசேக்கியேல் அதை மறுத்துப் பேசியதற்கான விதை இங்கேயே விழுந்திருக்கிறது.

கடைசியாக, உங்கள் கேள்வியை மிகச் சரியாகப் புரிந்துகொண்டிருந்த ஐந்து சகோதரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்பவர்கள் மனாசே கோத்திரத்துச் செலோப்பியாத்தின் குமாரத்திகள். தேசம் பங்கிடப்படவிருந்த வேளையில், ஆண்பிள்ளை இல்லாத தங்கள் தகப்பனின் பெயர் அற்றுப்போகக் கூடாது என்று கேட்பதற்காக, மோசேக்கும் ஆசாரியனாகிய எலெயாசாருக்கும் பிரபுக்களுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக ஆசரிப்புக் கூடார வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் முன்வைத்த வாதம் இது: எங்கள் தகப்பன் வனாந்தரத்தில் மரித்தார், அவர் கோராகின் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்ல, தம்முடைய பாவத்தினாலேயே மரித்தார். தகப்பனைக் குற்றமற்றவர் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர் செய்ததை அவர் கணக்கில் வைத்தார்கள், செய்யாததை அவர்மேல் ஏற்றவிடவில்லை, அவருடைய பாவம் தங்கள் பங்கைத் தின்றுவிடவும் விடவில்லை. மோசே அந்த வழக்கைத் தானே தீர்க்காமல் கர்த்தரிடத்தில் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது நியாயம் என்று பதில் வந்தது. யோர்தானைக் கடந்து, மோசே மரித்து, தேசம் பங்கிடப்பட்ட நாளில், அந்த ஐவரும் எலெயாசாருக்கும் யோசுவாவுக்கும் முன்பாக மறுபடியும் வந்து அந்த வார்த்தையை நினைவூட்டித் தங்கள் நிலத்தைப் பெற்றுக்கொண்டார்கள்.